தொலைதூர இலக்குக்கு .223-ஆ, 6 எம்.எம்.-ஆ, 6.5-ஆ?

கேள்வி இது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஓராண்டாக .308 வின்செஸ்டர் ரைபிளில் சுட்டு வருகிறார். அவருடைய கிளப்பில் 600 கஜ மைதானம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை 1000 கஜப் போட்டிக்கு வெளியூர் போக ஆசைப்படுகிறார். காகித இலக்கு மட்டும்தான். படுத்த நிலையில், ரைபிளின் முன்பகுதியை இருகால் தாங்கியில் வைத்துச் சுடுகிறார். தோட்டாவைத் தாமே நிரப்பும் பழக்கம் இன்னும் இல்லை, கடையில் வாங்குகிறார். .308 தோளை உதைக்கிறது, குண்டு அதிகம் தாழ்கிறது என்பதால் சிறிய கேலிபருக்கு, அதாவது விட்டம் குறைந்த குண்டுக்கு, மாற விரும்புகிறார். .223 ரெமிங்டன், .224 வால்கைரி, 6 எம்.எம். ஏ.ஆர்.சி., 6 எம்.எம். பி.ஆர்., 6 எம்.எம். கிரீட்மூர், 6.5 கிரீட்மூர் ஆகிய ஆறில் மிகத் தட்டையாகப் பாய்வது எது என்று கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால், முறுக்கு வேகமான குழல் கொண்ட (முறுக்கு என்னவென்று பின்னால் சொல்கிறேன்) .223 போல்ட் ரைபிள், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளும் ரைபிள், ஒன்றை வாங்குவேன். .308-ஐ விற்க மாட்டேன். பட்டியலிலேயே சிறிய தோட்டாவை ஏன் சொல்கிறேன் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. அதற்கு முன் "தட்டையாகப் பாய்வது" என்ற எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம்.

உங்கள் இலக்கு நகர்வதில்லை. 600 கஜம் என்றால் இன்றும் 600, அடுத்த மாதமும் 600. புவியீர்ப்பும் மாறுவதில்லை. 175 கிரெய்ன் எடையுள்ள குண்டு போட்ட .308, வினாடிக்கு 2600 அடி வேகத்தில் புறப்பட்டால், 1000 கஜத்துக்கு ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) ஏறத்தாழ 39 மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்) ஏற்ற வேண்டும். 140 கிரெய்ன் போட்ட 6.5 கிரீட்மூருக்கு 31, 32 மினிட் போதும். இரண்டுமே ஸ்கோப்பின் திருகில் இருக்கும் எண்கள்தான். ஒருமுறை கண்டுபிடித்து நோட்டில் எழுதிவிட்டால் முடிந்தது. வேட்டைக்காரருக்குத் தட்டையான பாதை முக்கியம், ஏனென்றால் மான் எத்தனை கஜத்தில் நிற்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. உங்களுக்கு அது தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது காற்று. அது ஒவ்வொரு குண்டுக்கும் மாறும். எனவே தோட்டாக்களை ஒப்பிட ஒரே நேர்மையான கேள்வி, பக்கவாட்டுக் காற்று குண்டை எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான்.

மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று நேர்ப்பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று வைத்துக்கொண்டு 1000 கஜத்துக்குக் கணக்குப் போடுவோம். .308-இல் 175 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 107 அங்குலம் ஒதுங்கும். 6.5 கிரீட்மூரின் 140 கிரெய்ன் 74 அங்குலம். 6 எம்.எம். கிரீட்மூரின் 108 கிரெய்ன் 78. 6 எம்.எம். பி.ஆரின் 105 கிரெய்ன் 84. .223-இல் நீளமான 90 கிரெய்ன் குண்டை நீண்ட குழலிலிருந்து 2800 அடி வேகத்தில் விட்டால் அதுவும் 85க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே .223-இல் கடையில் கிடைக்கும் 77 கிரெய்ன் தோட்டா 130 அங்குலத்தைத் தாண்டிவிடும். புறப்படும் வேகம், உயரம், வெப்பநிலை மாறினால் இவை சில அங்குலம் முன்னே பின்னே போகும், வரிசை பெரிதாக மாறாது.

இந்த எண்களைப் பார்த்ததும் 6.5 கிரீட்மூர்தான் என்று கை தானாக நீளும். எனக்கும் அப்படித்தான் நீண்டது. ஆனால் இதை இலக்கின் வளையத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்-கிளாஸ் என்ற, ரைபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் போட்டியில் 1000 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குல விட்டம். நடுவில் குறிவைத்தால் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 5 அங்குலம் மட்டுமே இடம். காற்றை நீங்கள் எவ்வளவு தவறாகக் கணித்தால் குண்டு பத்தை விட்டு வெளியேறும்? 6.5 கிரீட்மூரில் மணிக்கு 0.68 மைல். 6 பி.ஆரில் 0.60 மைல். .308-இல் 0.47 மைல்.

மணிக்கு அரை மைல், முக்கால் மைல் காற்று என்றால் என்ன தெரியுமா? ஊதுபத்திப் புகை மெல்லச் சாயும், அவ்வளவுதான். 6.5-க்கும் 6 பி.ஆருக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு 0.08 மைல். கொடியைப் பார்த்தோ கானலைப் பார்த்தோ அந்த அளவைப் பிரித்தறியக்கூடிய மனிதரை நான் சந்தித்ததில்லை. .308-இலிருந்து, 77 கிரெய்ன் .223 தவிர, இந்தச் சிறிய தோட்டாக்களில் ஏதாவது ஒன்றுக்கு வருவது காற்றில் மெய்யான லாபம். அவற்றுக்குள்ளேயே ஒன்றைவிட மற்றொன்று ஐந்து அங்குலம் குறைவு என்று விவாதிப்பதில் பெரிய லாபமில்லை. அங்கிருந்து மேலே ஏற்றுவது காற்றைப் படிக்கும் கண்.

600 கஜத்தில் நிலைமை இன்னும் இளகுகிறது. அங்கே பத்து வளையம் 6 அங்குலம். 6.5-க்கு 1.3 மைல் வரை தவறலாம், 6 பி.ஆருக்கும் கனமான 90 கிரெய்ன் .223-க்கும் 1.1 மைல் அளவு; .308-க்கு 0.9, கடைத் தோட்டா 77 கிரெய்ன்.223-க்கு 0.75. கவனியுங்கள்: 600 கஜத்தில் உங்கள் .308-க்கும் சாதாரண .223-க்கும் இடையிலும் பெரிய பள்ளம் இல்லை.

எண்கள் ஏன் இப்படி வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். பெயர்களிலேயே குழப்பம் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். .223 ரெமிங்டனும் .224 வால்கைரியும் ஒரே குண்டைத்தான் சுடுகின்றன. இரண்டின் குண்டு விட்டமும் 0.224 அங்குலம். 6 எம்.எம். எனப்படுவது 0.243 அங்குலம், பழைய.243 வின்செஸ்டரும் அதே விட்டம்தான். 6.5 எனப்படுவது 0.264 அங்குலம். எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் கிட்டத்தட்ட அரைக் குன்றிமணி; 77 கிரெய்ன் குண்டு 5 கிராம், 140 கிரெய்ன் 9 கிராம்.

காற்றை வெல்வது வேகம் மட்டுமல்ல. குண்டின் நீளமும் கூர்மையும் அதைவிடப் பெரிது. ஒரே விட்டத்தில் குண்டு நீளமாக நீளமாக, அதன் எடை கூடும், காற்றுக்குக் காட்டும் முகமோ அதே அளவில் இருக்கும். அதனால் வேகத்தைக் குறைவாக இழக்கும். காற்றே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தைவிட குண்டு எவ்வளவு தாமதமாக இலக்கை அடைகிறதோ, அந்த அளவுக்குத்தான் பக்கக் காற்று அதைத் தள்ளும். இந்தத் திறனைத்தான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்ற எண்ணால் சொல்கிறார்கள், சுருக்கமாக பி.சி. பல தோட்டா பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். அதில் ஜி1, ஜி7 என்று இரண்டு வகை உண்டு. நீண்ட கூர்முனைக் குண்டுக்கு ஜி7 பொருந்தும். ஒரு பெட்டியின் ஜி1-ஐ இன்னொரு பெட்டியின் ஜி7-உடன் ஒப்பிட்டுவிடாதீர்கள். அந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

நீளமான குண்டைப் பம்பரம் போல வேகமாகச் சுழற்றாவிட்டால் அது காற்றில் தள்ளாடும். குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிதான் சுழற்றுகிறது. 1:8 முறுக்கு என்றால் 8 அங்குலம் போவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். இந்த ஒரு எண்ணால் ஒரு தோட்டாவின் தலையெழுத்தே மாறியிருக்கிறது. 1955இல் வின்செஸ்டர் .243-ஐக் கொண்டுவந்தது, அதே ஆண்டு ரெமிங்டன்.244-ஐக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே விட்டம், ஏறத்தாழ ஒரே ஆற்றல். வின்செஸ்டர் 1:10 முறுக்குக் கொடுத்தது, 100 கிரெய்ன் குண்டு நிலையாகப் பறந்தது. ரெமிங்டன் சின்னப் பிராணிகளைச் சுடத்தான் வாங்குவார்கள் என்று எண்ணி 1:12 கொடுத்தது. 100 கிரெய்ன் குண்டுக்கு அது போதவில்லை. .243 உலகம் முழுவதும் பரவியது. .244 தேங்கிப்போனது. 1963இல் 6 எம்.எம். ரெமிங்டன் என்று பெயரையும், 1:9 என்று முறுக்கையும் மாற்றினார்கள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இன்று .22 விட்டத் தோட்டாக்களைத் தொலைதூரத்தில் பேச முடிவதற்கும் முறுக்குதான் காரணம். .22-250 ரெமிங்டன் என்ற தோட்டாவில் .223-ஐவிட வெடிமருந்து எவ்வளவோ அதிகம். ஆனால் கடை ரைபிள்களில் நெடுங்காலம் 1:14 முறுக்கே கொடுத்தார்கள், 55 கிரெய்ன் குண்டைத் தாண்ட முடியவில்லை. மருந்து குறைந்த .223 1:7 முறுக்கைப் பெற்றதும் 80, 90 கிரெய்ன் குண்டோடு 1000 கஜம் போய்விட்டது.

6.5 கிரீட்மூர் பற்றிச் சொல்கிறேன். அதை எடுத்தால் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஹார்னடி நிறுவனம் 2007இல் வெளியிட்டது. அங்கே பணியாற்றிய டேவ் எமரியும் போட்டி வீரர் டென்னிஸ் டிமில்லும் ஓஹையோவில் உள்ள கேம்ப் பெர்ரி சுடுதளத்தின் போட்டிகளின்போது பேசிக்கொண்டதிலிருந்து பிறந்தது. கடையில் வாங்கிய தோட்டாவே போட்டிக்குப் போதும்படி இருக்க வேண்டும், குழல் சீக்கிரம் தேயக் கூடாது, உதைப்பு அளவாக இருக்க வேண்டும், நீளமான குண்டு மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) அடங்க வேண்டும் என்பவை அவர்கள் நோக்கம். நான்கும் நிறைவேறின. புதிய விட்டம் ஒன்றுமில்லை, ஸ்வீடனின் 6.5x55 1894ஆம் ஆண்டிலிருந்தே அந்தக் குண்டைச் சுடுகிறது. .260 ரெமிங்டன் 1997இலும், லாபுவாவின் 6.5x47 2005இலும் வந்திருந்தன. கிரீட்மூர் வென்றதற்குக் காரணம், நல்ல கடைத் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைத்ததும், கடை ரைபிள்கள் 1:8 முறுக்கோடு வந்ததும்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள இடம் எனக்குப் பிடித்தமானது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட் என்ற குடும்பத்தின் பண்ணை நிலத்தில் 1870களில் அமைந்த சுடுதளம் அது. 1874 செப்டம்பர் 26 அன்று அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிகளோடும், அமெரிக்கர்கள் பின்புறமாகத் தோட்டா செருகும் புதிய துப்பாக்கிகளோடும் வந்தார்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்று புள்ளி வித்தியாசம். அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட குண்டு ஒன்று பக்கத்து இலக்கின் நடுப்பகுதியில் போய்ப் பட்டது. அதற்கு மதிப்பெண் கிடையாது, அது நான்கு புள்ளி பெறும் சுடுதல். புதுத் துப்பாக்கியின் வெற்றி என்று அந்தப் போட்டியைச் சொல்வோர் உண்டு. எனக்கு அந்த நான்கு புள்ளிதான் நினைவில் நிற்கிறது.

அடுத்து 6 எம்.எம். இன்று துல்லியப் போட்டிகளில் மிகுதியாகக் காணும் விட்டம் இதுதான். இதற்குள் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, சிறிய உறையில் (மருந்தை அடைத்திருக்கும் பித்தளைக் கூட்டில்) அளவான மருந்து: 6 எம்.எம். பி.ஆர்., அதிலிருந்து பிறந்த டேஷர். இன்னொன்று, பெரிய உறையில் நிறைய மருந்து: .243 வின்செஸ்டர், 6 எம்.எம். கிரீட்மூர். இரண்டாம் வகை வேகம் கூடுதல், ஒதுக்கம் குறைவு. ஆனால் அதற்கான விலையைக் குழல் கொடுக்கிறது.

இந்த விலையை நான் சொந்தமாகக் கட்டினேன். என் முதல் சிறு கேலிபர் ரைபிள் .243. வேகம் என்னை மயக்கியது. முதல் பருவம் அருமையாகப் போனது. இரண்டாம் பருவத்தின் நடுவில், 1300 குண்டைத் தாண்டியபோது, நல்ல சுடுதல்களுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு குண்டு எட்டு வளையத்தில் போய் விழத் தொடங்கியது. என் மூச்சைக் குறை சொன்னேன், ஸ்கோப்பின் பிடியைக் குறை சொன்னேன், தோட்டாவைக் குறை சொன்னேன். இரண்டு மாதம் வீணானது. கிளப்பில் ஒரு பெரியவர் உள்நோக்கும் கருவியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். மருந்து எரியும் வாய்ப்பகுதி, கோடையில் வறண்ட ஏரிப்படுகை போல வெடித்துக் கிடந்தது. வரிகளின் தொடக்கமே கரைந்துபோயிருந்தது.

குழலின் ஆயுளை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். 1500 குண்டு என்றால் மொத்தம் இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் ஒரு குழல் தீர்ந்துவிடுகிறது. தோராயமாக, .243-உம் 6 கிரீட்மூரும் 1200 முதல் 1800 வரை, 6.5 கிரீட்மூர் 2000 முதல் 3000 வரை, 6 பி.ஆர். 2500க்கு மேல்; .223 4000க்கு மேல்; .308 5000 வரையும் போகும். வேகமாகத் தொடர்ந்து சுட்டுக் குழலைச் சூடேற்றினால் எல்லாமே குறையும்.

நீங்கள் மாதம் இரண்டு போட்டி, ஒவ்வொன்றிலும் 60 கணக்குக் குண்டும் சில சோதனைக் குண்டும் சுட்டால், எட்டு மாதப் பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பயிற்சி அதற்கு மேல். 6 கிரீட்மூர் குழல் ஒரு பருவத்தில் முடியும். புதுக் குழல், அதைப் பொருத்தும் கூலி, பல வார காத்திருப்பு. வசதி உள்ளவர்கள் டயர் மாற்றுவது போல மாற்றிக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் ஆண்டுகளில், குழல் தேய்கிறதே என்ற எண்ணத்தில் பயிற்சியைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதைச் செய்தேன். அதுதான் உண்மையான நட்டம்.

6 எம்.எம். பி.ஆர். என் மனதுக்கு நெருங்கிய தோட்டா. இதைச் சொல்லும்போது என் சார்பையும் சேர்த்தே படியுங்கள். குட்டையான தடித்த உறை. .308 வழிவந்ததுதான், ஆனால் 30 கிரெய்ன் அளவுக்கே மருந்து கொள்ளும். 6.5 கிரீட்மூர் 40ஐத் தாண்டும். இவ்வளவு குறைந்த மருந்தில் 105 கிரெய்ன் குண்டை 2800 அடி வேகத்துக்கு மேல் தள்ளுகிறது. 300 மீட்டர் சர்வதேசப் போட்டிகளில் ஆண்டாண்டாகக் காணும் தோட்டா இது. அங்கே பத்து வளையம் 100 மில்லிமீட்டர், தாங்கி கிடையாது, தோளிலும் வாரிலும்தான் ரைபிள் நிற்கும். குண்டுக்குக் குண்டு வேகம் மாறாமல் வருவது இதன் பெருமை. 1000 கஜத்தில் வேகம் 10 அடி மாறினால் குண்டு இரண்டரை, மூன்று அங்குலம் மேலோ கீழோ போகும். பத்து வளையத்தின் பாதி 5 அங்குலம் என்பதை நினைத்தால், 30 அடி ஏறி இறங்கும் ஒரு வேகத் தோட்டாவைவிட 10 அடிக்குள் நிற்கும் மிதமான தோட்டா மேல் என்பது புரியும்.

அதன் குறைகள் இரண்டு. கடைத் தோட்டா அரிது, தாமே நிரப்பியாக வேண்டும். குட்டை உறை என்பதால் மேகசினிலிருந்து ஒழுங்காக ஏறுவதில் தகராறு உண்டு. ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுடுபவருக்கு இரண்டாவது குறை கிடையாது. உங்களுக்கு முதல் குறையே போதும்; இப்போதைக்கு வேண்டாம்.

.224 வால்கைரியும் 6 எம்.எம். ஏ.ஆர்.சி.யும் ஏ.ஆர்.-15 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கியின் குறுகிய மேகசினுக்காகப் பிறந்தவை. முதலாவது ஃபெடரல் நிறுவனத்துடையது, 2018இல் கடைக்கு வந்தது. இரண்டாவது ஹார்னடியுடையது, 2020. அந்தத் துப்பாக்கி வைத்திருந்து அதிலேயே தொலைவு போக விரும்புபவருக்கு, குறிப்பாக ஏ.ஆர்.சி., நல்ல தேர்வு. போல்ட் ரைபிள் வாங்கப்போகும் உங்களுக்கு அந்த நீளக் கட்டுப்பாடே கிடையாது. அதற்காகச் செய்துகொண்ட விட்டுக்கொடுத்தலை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது .223. .22 என்றதும் பலருக்கு 50 மீட்டர் ஒலிம்பிக் போட்டியின் சின்னத் தோட்டா நினைவுக்கு வரும். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது 40 கிரெய்ன் குண்டை ஒலியின் வேகத்தை ஒட்டிச் சுடுகிறது. இது 77 கிரெய்னை 2700 அடிக்கு மேல் அனுப்புகிறது. 1990கள் வரை கேம்ப் பெர்ரியின் ராணுவ ரைபிள் பிரிவில் .308 வகைத் தோட்டா சுடும் எம்14தான் பெரிய ரைபிள். பிறகு வேகமான முறுக்குள்ள .223 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அங்கே 200, 300 கஜத்தில் மேகசினில் அடங்கும் 77 கிரெய்னும், 600 கஜத்தில் மேகசினுக்கு நீளம் மீறிய 80 கிரெய்னும் சுடுவார்கள். பின்னதை ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். ஈரி ஏரியிலிருந்து வரும் காற்றில், வெறும் படுக்கைநிலையில், அந்தச் சின்னக் குண்டோடு 600 கஜத்தில் பத்துகளை அடுக்குபவர்களைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் .243 மீதான மயக்கம் தெளிந்தது.

உதைப்பையும் எண்ணில் சொல்கிறேன். 12 பவுண்டு எடையுள்ள ரைபிளில் .308-இன் உதைப்பு ஏறத்தாழ 10 அடி-பவுண்டு. 6.5 கிரீட்மூர் 8. 6 பி.ஆர். நாலரை. .223 இரண்டரை. வலி இதில் சிறிய பங்குதான். உதைப்பு குறைந்தால், குண்டு இலக்கில் படும் நேரத்திலும் உங்கள் கண் ஸ்கோப்பிலேயே இருக்கும். எங்கே பட்டது, அந்த நொடியில் கானல் எப்படி ஓடியது என்று நீங்களே பார்க்கிறீர்கள். .308-இல் ரைபிள் எகிறி அடங்கும்போது அந்தக் காட்சி போய்விடுகிறது. சுட்ட நொடியைப் பார்க்க முடிந்தவர் ஒவ்வொரு குண்டிலும் பாடம் படிக்கிறார்.

கானலைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தாங்கியில் தனியாக வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியை) இலக்கின் மீதல்லாமல் சற்று முன்னால் குவித்துப் பாருங்கள். வெயில் நாளில் காற்று நீரோட்டம் போலத் தெரியும். நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்கள் பக்கமாகவோ இலக்கின் பக்கமாகவோ வீசுகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய பக்கக் காற்று. கிடையாகப் படுத்து ஓடினால் மணிக்கு எட்டு, பத்து மைலை எட்டிவிட்டது. அதற்கு மேல் கானல் வேறுபாடு காட்டாது, கொடியைத்தான் நம்ப வேண்டும். கொதிக்கும் கானலில் சுடுவதைத் தவிருங்கள். காற்று திசை மாறப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

இதைக் கற்க .223 ஏன் சரியான கருவி என்பது இப்போது விளங்கியிருக்கும். 77 கிரெய்ன் குண்டு 600 கஜத்தில் 6.5-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒதுங்கும். நீங்கள் காற்றில் செய்யும் தவறை அது மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். தோட்டா விலை குறைவு, குழல் நாலாயிரம் தாங்கும், தோள் களைக்காது. ஒரே செலவில் இரண்டு மடங்கு சுடலாம். அதோடு, எஃப்-கிளாஸின் எஃப்-டி/ஆர் பிரிவில் அனுமதி உள்ள தோட்டாக்கள் இரண்டே: .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர். இருகால் தாங்கியோடு சேர்த்து 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு ரைபிளும் ஒரே பிரிவில் போட்டியிடலாம். 6.5 வாங்கினால் நீங்கள் ஓப்பன் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே 10 கிலோ ரைபிளில் 7 எம்.எம்., 180 கிரெய்ன் குண்டு வைத்துச் சுடுபவர்களின் பக்கத்தில், கடை ரைபிளும் கடைத் தோட்டாவுமாகப் படுப்பீர்கள்.

1000 கஜத்துக்கு .223 கடைத் தோட்டாவை எடுத்துப் போகாதீர்கள். 77 கிரெய்ன் அந்தத் தொலைவை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும், அந்தக் கட்டத்தில் குண்டு நிலைகுலையலாம். அங்கே உங்கள் .308 வேலை செய்யட்டும், ஆனால் குண்டைக் கவனித்து வாங்குங்கள். பிரபலமான 168 கிரெய்ன் மேட்ச்கிங் என்ற குண்டு 600 கஜத்தில் அருமையானது. அதன் வால் வடிவத்தால் 1000 கஜத்துக்கு முன்பே ஒலித்தடையில் தள்ளாடும் என்று பெயர் வாங்கியது. 175 கிரெய்ன் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது, 1000 கஜத்திலும் 1200 அடி அளவில் வேகம் மிச்சம் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. ஒரே ஒரு ரைபிள்தான் வைத்துக்கொள்வேன், .308-ஐ விற்றே தீருவேன், தோட்டா நிரப்பக் கற்கவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் 6.5 கிரீட்மூர் வாங்குங்கள். அப்போது அதைவிடச் சிறந்த விடை இந்தப் பட்டியலில் இல்லை. மறுபுறம், இரண்டு பருவம் .223 சுட்டு, 600 கஜத்தில் ஒன்பதுகள் எல்லாம் காற்றினால்தான் வருகின்றன, உங்கள் விரலாலோ தோளாலோ அல்ல என்று நோட்டுப் புத்தகம் காட்டும் நிலைக்கு வந்து, தோட்டா நிரப்பவும் கற்றுவிட்டால், அப்போது 6 பி.ஆர். குழலுக்குச் சொல்லிவையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். .223 ரைபிள்களில் 1:12, 1:9 முறுக்குள்ளவை இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அவை 77 கிரெய்னுக்கு உகந்தவை அல்ல. குழலின் மேல் 1:8 அல்லது 1:7 என்று பொறித்திருக்கும். பழைய ரைபிளாக இருந்து பொறிப்பு இல்லை என்றால், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடிக்குள் தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பி குழலின் விளிம்பைத் தொடும் இடத்தில், கம்பியின் மேற்புறத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மெல்ல இழுத்தால் கம்பி சுழலும். புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்போது, விளிம்பை ஒட்டிக் கம்பியில் மீண்டும் ஒரு குறி. இரண்டு குறிக்கும் இடையே அளவுகோல் 7 அல்லது 8 அங்குலம் காட்டினால் பணத்தைக் கொடுக்கலாம்.